சாக மறுக்கும் செல்லைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன்னால் உங்கள் மருத்துவப் பக்கத்தில் புற்றுநோயைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக எழுதினால் எதற்காக எழுதுகிறேனோ அதுவே புரியாமல் போய்விடும்.

அந்தக் கட்டுரையின் முதல் வரி, "புற்றுநோய் என்பது செல்கள் கட்டுப்பாடில்லாமல் மிக வேகமாகப் பெருகுவது." பக்கத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டிச் செய்தி, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் செல்லைப் பட்டினி போட்டே கொன்றுவிடலாம் என்று. இரண்டையும் என் அத்தை படித்திருக்கிறார். அவருக்கு ஃபாலிக்குலர் லிம்போமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோயில் ஒரு வகை. கழுத்தில் கட்டி தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மெதுவாக வளர்கிற வகை, தொந்தரவு எதுவும் இல்லாததால் இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரியான ஆலோசனைதான். இந்த வகையில் அறிகுறி இல்லாதவர்களுக்கு உடனே கீமோ தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்பது நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்து அறிந்த விஷயம்.

கட்டுரை வந்த அன்று இரவே எனக்குப் போன் செய்தார். "வேகமா வளர்றதுதான் கேன்சர்னு பேப்பர்ல போட்டிருக்கு. எனக்கு மெதுவாத்தான் வளருதுங்கிறார் டாக்டர். அப்போ எனக்கு வந்திருக்கிறது கேன்சரே இல்லையா, இல்ல டாக்டர் எதையோ மறைக்கிறாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தடுமாறினேன். பதில் தெரியாமல் இல்லை. பதினொரு வருடமாக ஒரு ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்ப்பதுதான் என் வேலை. ஆனால் அந்த ஒரு வரி அவர் மனத்தில் போய் உட்கார்ந்துவிட்ட பிறகு, அதை எடுக்க ஒரு போன் பேச்சு போதவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வேகமாகப் பெருகுவது புற்றுநோயின் ஒரு பாதிதான். சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருப்பது இன்னொரு பாதி, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி. அதை நம் பத்திரிகைகளில் நான் படித்ததே இல்லை.

செல் சாவது என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்ரோஸ்கோப்பில் தினமும் பார்க்கிற காட்சி. ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டு தட்டையாகப் பரந்திருக்கும் ஒரு செல் மெல்ல ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாகும். அப்புறம் அதன் மேல்தோலில் கொதிக்கிற கஞ்சியில் எழும்புவது போலக் குமிழ் குமிழாக எழும்பும். உள்ளே டிஎன்ஏ ஒழுங்கான துண்டுகளாக நறுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் செல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துவிடும், எதுவும் வெளியே சிந்தாது. உடம்புக்குள் என்றால் பக்கத்துச் செல்கள் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடும், வீக்கம் இல்லை, வலி இல்லை. கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கிற கிரேக்கச் சொல் அது. நம் எல்லாருடைய உடம்பிலும் ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடி செல்கள் இப்படி உதிர்கின்றன. நோயால் சாவதில்லை, தன் வேலை முடிந்ததும் தானே தன்னைக் கலைத்துக்கொள்கிறது.

இனி புற்றுநோய்க்கு வருகிறேன். உங்கள் கட்டுரை சொன்ன பாதி பொய் இல்லை. ராஸ் என்றொரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து 'இரண்டாகப் பிரி' என்று உத்தரவு வந்தால் ஒரு சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு ஆன் ஆகும், வேலை முடிந்ததும் அந்த மூலக்கூறை வெட்டிவிட்டு ஆஃப் ஆகும். 1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களிலிருந்து இந்த மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, நல்ல மரபணுவுக்கும் கெட்ட மரபணுவுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று தெரிந்தது. புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற இன்னொன்று, அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றத்தால் வெட்டும் வேலை நடக்காமல் போகிறது, சுவிட்ச் ஆனிலேயே நிற்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 300 கோடி எழுத்துகளில் ஒன்று.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை, உங்கள் கட்டுரை அங்கேதான் முடித்துவிட்டது. சுவிட்ச் ஆனிலேயே நிற்கிற ஒரு சாதாரணச் செல் நேராகப் போய்ப் புற்றுநோயாகிவிடுவதில்லை. இப்படி ஓயாமல் விரட்டப்படுவது சரியில்லை என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. ராஸ் விரட்டினால் செல் பெரும்பாலும் முதுமையடைந்து நின்றுவிடும், அதற்குமேல் பிரியவே பிரியாது. மிக் என்ற இன்னொரு புரதம் விரட்டினால் என்ன ஆகும் என்று 1992இல் பார்த்தார்கள். ஊட்டம் குறைந்ததும் சாதாரணச் செல் ஓய்வெடுத்தது, மிக் விரட்டிய செல்லோ ஓய்வெடுக்க முடியாமல் செத்துப்போனது. அதாவது பெருகச் சொல்கிற அதே புரதம் சாகவும் சொல்கிறது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இத்தனை லட்சம் கோடி செல்கள் இருந்தும் நம்மில் பலர் பல வருடம் புற்றுநோய் இல்லாமல் வாழ்வதற்கு இந்தக் கயிறு ஒரு முக்கியமான காரணம். புற்றுநோயாக வேண்டுமென்றால் செல் இதை அறுத்தாக வேண்டும்.

எப்படி அறுக்கிறது என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே என் அத்தைக்கு வந்திருக்கிற நோய்தான். அவருடைய கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் இரத்தத்தில் உள்ள பி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) விதவிதமான எதிர்ப்புரதங்களைச் செய்வதற்காகத் தங்கள் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டுகின்றன. உடம்பில் பி செல்களுக்கும் அவற்றின் உறவான டி செல்களுக்கும் மட்டும் உள்ள உரிமை அது. எப்போதாவது ஒட்டும்போது தவறு நடந்து, 18ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு 14ஆவது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஃபாலிக்குலர் லிம்போமா வந்தவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் மேல் இந்த மாற்றம் இருக்கிறது. 1980களின் நடுவில் அந்த ஒட்டின் இடத்தைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு புது மரபணு கிடைத்தது, பெயர் பிசிஎல்-2. எதிர்ப்புரத மரபணுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதால், பி செல்லுக்குள் அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ராஸ், மிக் போல இதுவும் செல்லை விரட்டுகிற மரபணுவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் அவருடன் இருந்தவர்களும் அதைச் சோதித்தார்கள். ஊட்டக் காரணி இல்லாவிட்டால் செத்துவிடும் செல்களில் பிசிஎல்-2ஐப் புகுத்திவிட்டு ஊட்டக் காரணியை நிறுத்தினார்கள். செல்கள் பெருகவில்லை. சாகவும் இல்லை. அப்படியே இருந்தன.

அதுவரை அறியப்பட்ட எந்தப் புற்றுநோய் மரபணுவும் இப்படி நடந்துகொண்டதில்லை. பெருக்குவது தன் வேலையே இல்லாத, சாகாமல் வைத்திருப்பதை மட்டுமே செய்கிற மரபணு. பின்னால் அதன் வேலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை அது உயிர்வாழ வேண்டிய பொருள், வெளியே கசிந்தால் செல்லைக் கலைக்கும் நொதிகளை எழுப்பிவிடும் மணி. பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை போட்டால் அது கசியும். பிசிஎல்-2 அந்த இரண்டின் கையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதுமையோ, சேதமோ, ஊட்டமின்மையோ, எந்தக் காரணத்துக்காகச் சாக உத்தரவு வந்தாலும் ஓட்டை விழுவதில்லை.

அத்தையின் கழுத்தில் இருப்பவை அப்படிப்பட்ட செல்கள். அவை வேகமாகப் பெருகவில்லை, டாக்டர் எதையும் மறைக்கவில்லை. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் சேர்ந்துகொண்டே போகின்றன. தண்ணீர் வரத்து கூடாமலே, மடை அடைத்துக்கொண்டதால் நிரம்புகிற குளம் மாதிரி. (இந்த ஒட்டுப்போன குரோமோசோம் உள்ள ஓரிரு செல்கள் நோயே இல்லாத பலரின் இரத்தத்திலும் இருக்கின்றன. அதனால் இது ஒன்று மட்டும் போதாது, இன்னும் சில மாற்றங்களும் சேர வேண்டும்.)

பிசிஎல்-2 ஒரு வழிதான். இன்னொரு வழி, உத்தரவு கொடுப்பவரையே இல்லாமல் செய்வது. பி53 என்ற புரதத்தைச் சொல்கிறேன். 1979இல் கண்டுபிடித்தார்கள், பத்து வருடம் அதைப் புற்றுநோயை உண்டாக்கும் புரதம் என்றே தவறாக நினைத்திருந்தார்கள். ஆய்வுக்கூடங்களில் கையாண்ட மரபணுக்கள் பலவும் ஏற்கெனவே கெட்டுப்போனவை, அதுதான் காரணம். 1989இல்தான் உண்மை தெரிந்தது, நல்ல பி53 புற்றுநோயைத் தடுக்கிற புரதம். டிஎன்ஏ சேதமானால் செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும், சரிசெய்ய நேரம் கொடுக்கும், முடியாவிட்டால் சாகச் சொல்லும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் மரபணுவைத் தொடுவதே இல்லை, ஈ6 என்ற புரதத்தை அனுப்பிச் செய்து முடித்த பி53ஐ அழிக்கவைத்துவிடுகிறது. நமக்கு இந்த மரபணு இரண்டு பிரதிதான், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. யானைக்கு அப்படி இருபது ஜோடி. அதன் செல்லில் டிஎன்ஏ சேதமானால் நம்முடையதைவிடச் சீக்கிரம் செத்துப்போகிறது. அத்தனை பெரிய உடம்பு, அத்தனை செல்கள், அத்தனை வருட ஆயுள், ஆனாலும் யானைக்குப் புற்றுநோய் குறைவு.

இதிலிருந்து ஒரு விஷயம் நோயாளிகளுக்கு நேரடியாகத் தெரிய வேண்டும். கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் செல்லை அடித்து நொறுக்கிக் கொல்வதில்லை. டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன. சேதத்தைப் பார்த்துச் சாக முடிவெடுக்க வேண்டியது செல்தான். பி53 கெட்டுப்போன செல், சேதத்தைச் சுமந்துகொண்டே அடுத்த முறையும் பிரிந்துவிடுகிறது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு அசையவே இல்லை என்றால் அதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, சர்க்கரைப் பெட்டிக்கு வருகிறேன். அதில் உண்மையின் ஒரு துணுக்கு இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொள்கின்றன, ஆக்சிஜன் இருக்கும்போதும் அதை அரைகுறையாகவே எரிக்கின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டினார். பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதே இதனால்தான். ஆனால் நாம் சாப்பிடாவிட்டாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் குறையாமல் கல்லீரல் பார்த்துக்கொள்ளும், மூளைக்கு அது வேண்டும். தசையைக் கரைத்தாவது உண்டாக்கிக் கொடுக்கும். அப்படியே குறைந்தாலும் புற்றுநோய் செல் குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளும், கொழுப்பை எடுத்துக்கொள்ளும், எதுவும் இல்லாவிட்டால் தன் உள்ளுறுப்புகளையே கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துக்கொண்டு உயிரைப் பிடித்துவைத்திருக்கும். ஆட்டோபேஜி என்று பெயர், இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எல்லாச் செல்லுக்கும் உள்ள திறமைதான், நெருக்கடியில் புற்றுநோய் செல்லுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. பட்டினி போட்டால் முதலில் வாடுவது நோயாளிதான்.

அத்தை அந்த மஞ்சள் பெட்டியைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது. லிம்போமாவில் காரணமில்லாமல் எடை குறைந்தால் நோய் தீவிரமாகிறது என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். சாப்பாட்டை நிறுத்தியதை அத்தை டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவார் என்ற பயம். டாக்டர் பதறிப்போய் மறுபடி ஸ்கேன் எழுதினார், ரிசல்ட் வரும்வரை ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கட்டி இருந்தபடியேதான் இருந்தது. குறைந்தது அத்தையின் தசை.

அடுத்ததையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்ததாகவே சொல்கிறேன். ஒரு ஃபிளாஸ்க் நிறையப் புற்றுநோய் செல்கள், அதில் மருந்து சேர்க்கிறோம். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாம் செத்து உருண்டையாக மிதக்கும். ஊட்டத் திரவத்தை மாற்றிக் கழுவிவிட்டு ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்ப்பேன். ஏதோ ஒரு மூலையில் நாலைந்து செல்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டு இருக்கும். பிரியாது, அசையாது. மருந்து இருந்துகொண்டே இருக்கும், அவையும் இருந்துகொண்டே இருக்கும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு ஒரு திட்டு வளர்ந்திருக்கும், அதன்மேல் அதே மருந்தை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. பதினொரு வருடத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும். ஏனென்றால் யாரோ ஒருவர் உடம்பில் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது.

இமாட்டினிப் வந்த கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் அனுமதி கிடைத்த மாத்திரை, அந்த நோயோடு பல வருடம் இயல்பாக வாழ முடியும் என்ற நிலையை உண்டாக்கியது. அதற்கும்கூடச் சிலருக்கு எதிர்ப்பு வந்தது. மருந்து போய்ப் பொருந்துகிற புரதத்தின் 315ஆவது இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்துவிட்டது, மருந்துக்கு உட்கார இடமில்லை. அப்புறம் அந்த வடிவத்திலும் பொருந்துகிற மருந்தைச் செய்தார்கள். கோடிக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டு முன்பே அப்படி மாறி இருந்திருக்கலாம், மருந்து மற்றவற்றை அப்புறப்படுத்திக் கொடுத்ததும் இடம் கிடைத்து வளர்கின்றன. பத்திரிகைகளிலோ "நோயாளியின் உடல் சிகிச்சையை ஏற்கவில்லை" என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நோயாளி எதையும் மறுக்கவில்லை. செல்தான் மாறிவிட்டது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளவில்லை என்று தங்களையே நொந்துகொண்டு போய்ச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

பரவுவதும் சாகாமல் இருப்பதன் தொடர்ச்சிதான். தன் இடத்திலிருந்து பிய்ந்துபோன செல் சாதாரணமாகச் செத்துவிட வேண்டும், கல்லீரல் செல் நுரையீரலில் போய்க் குடியிருக்க முடியாது. பிய்ந்து இரத்தத்தில் விழுகிற புற்றுநோய் செல்களிலும் மிகப் பெரும்பாலானவை செத்தே போகின்றன. தப்பிப்பவை மிகச் சில. ஆனால் புற்றுநோயால் ஏற்படும் மரணங்களில் பெரும்பகுதி அந்தச் சிலவற்றால்தான்.

நம்பிக்கை தருகிற செய்தியும் இந்தப் பாதியில்தான் இருக்கிறது. பிசிஎல்-2இன் பிடியை விடுவிக்கிற வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்துக்கு 2016இல் ஒரு வகை லுகேமியாவுக்கு அனுமதி கிடைத்தது. அது செல்லைத் தாக்குவதில்லை, சாகாதே என்று சொல்லிக்கொண்டிருந்த புரதத்தின் வாயை அடைக்கிறது, மீதியைச் செல்லே செய்துகொள்கிறது. அத்தையின் வகையில் இது அந்த அளவுக்குப் பலன் தரவில்லை, அங்கே எம்சிஎல்-1 போன்ற உறவுக்காரப் புரதங்களும் அதே வேலையைச் செய்துவிடுகின்றன. இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். நோயெதிர்ப்புச் செல்கள் கொடுக்கும் மரண உத்தரவைப் புற்றுநோய் எப்படித் தடுக்கிறது, அந்தத் தடையை எப்படி எடுப்பது என்று காட்டிய ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்ததை உங்கள் பத்திரிகையும் போட்டிருக்கும். அதில் உருவான மருந்துகளால் இன்று உயிரோடு இருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. "இந்தச் சாறு புற்றுநோய் செல்லைக் கொல்வதாக விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போது, எங்கே கொன்றது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கிண்ணத்தில் வளர்கிற செல்லைக் கொல்வது சுலபம். திரவத்தில் உப்பு கூடினால் சாகும், இன்குபேட்டரின் வெப்பம் சில டிகிரி ஏறினால் சாகும். பக்கத்தில் உள்ள நல்ல செல்லை விட்டுவிட்டு அதை மட்டும், உடம்புக்குள், மறுபடி வராதபடி சாகவைப்பதுதான் கஷ்டம்.

உங்களிடம் நான் கேட்பது அந்த மஞ்சள் பெட்டிக்கு ஒரு திருத்தம். அதே பக்கத்தில், அதே அளவில், அதே நிறத்தில் போடுங்கள், கத்தரித்து ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். சர்க்கரையை நிறுத்துவதால் புற்றுநோய் செல் சாகாது, சிகிச்சையில் இருப்பவரோ கண்காணிப்பில் இருப்பவரோ டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், ஏற்கெனவே குறைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று மூன்று வரி இருந்தால் போதும். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், என் பெயர்கூட வேண்டாம்.

அத்தை இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இழந்ததில் இரண்டு கிலோ திரும்பி வந்திருக்கிறது. பெட்டியை மட்டும் இன்னும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுக்கவில்லை. "பேப்பர்லயே தப்புன்னு போடட்டும், அப்புறம் கிழிச்சுடறேன்" என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி